ஆலோசகர் உத்தியோகம் பட்டதாரிக்கு முதற்படியாகுமா?



பட்டமளிப்பு விழா முடிந்த மறுநாள் முதலே பட்டதாரியின் வீட்டில் ஒரு வினா எழுகின்றது. "இனி என்ன உத்தியோகம்?" என்பதே அவ்வினா. பெற்றோர் கேட்பர், மாமன்மார் கேட்பர், கடைத்தெருவிற் காண்போரும் கேட்பர். பேராதனையிலிருந்து கெலிஓயா வழியாகக் கம்பளை செல்லும் வீதியை அண்டி வாழும் எங்களுக்கு இவ்வினா மிகவும் நெருக்கமானது. பல்கலைக்கழகம் எமக்குச் சிறிது தூரத்திலேயே இருக்கின்றது. அங்கு பட்டம் பெறும் எங்கள் பிள்ளைகளுட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படியை மிதித்தவர்கள். தோட்டத்து லயத்திலிருந்து சென்றவர் உளர். சிறு கடையொன்றின் வருமானத்தை நம்பிச் சென்றவரும் உளர். அவர்களுடைய முதல் உத்தியோகம் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரு குடும்பம் பதினாறு, பதினேழு ஆண்டுகள் பொறுத்திருந்து எதிர்பார்த்த பலன் அது.

முன்னாளில் இவ்வினாவுக்கு விடைகள் சிலவே இருந்தன. ஆசிரியர், எழுதுவினைஞர், வங்கி உத்தியோகத்தர், பரீட்சையில் தேறினால் நிருவாக சேவை அதிகாரி என்பன அவை. இன்று புதிதாக ஒரு விடை சேர்ந்திருக்கின்றது. "கொழும்பிலே கொன்சல்ற்றிங் கம்பனியொன்றில் இடம் கிடைத்திருக்கின்றது, போகலாமா?" என்று இளைஞர் வந்து கேட்கின்றனர். கொன்சல்ற்றிங் என்பதை நாம் ஆலோசனைத் தொழில் என்போம். இத்தொழில் பட்டதாரிக்கு நல்ல முதற்படியாகுமா என்பதையே இன்று ஆராய்வோம்.

முதலில் இத்தொழில் யாதென்று தெளிவோம். வழக்கறிஞரும் வைத்தியரும் ஆலோசனை கூறுவோரே. பாலம் கட்டுவதற்கு வரைபடம் கொடுக்கும் பொறியியலாளரும் ஆலோசகரே. அவர்களைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. ஒரு கம்பனியோ அரசாங்கத் திணைக்களமோ தன் காரியங்களை நடத்தும் முறையில் இடர்ப்படும்போது, வெளியிலிருந்து சிலரை அழைத்து, "எங்கள் நிலையை ஆராய்ந்து வழி கூறுங்கள்" என்று கேட்கின்றது. அழைக்கப்பட்டோர் நாலைந்து பேராக வந்து, சில வாரங்களோ சில மாதங்களோ தங்கிக் கணக்குகளைப் பார்க்கின்றனர், உத்தியோகத்தரை விசாரிக்கின்றனர், முடிவில் ஓர் அறிக்கையைக் கையளித்துவிட்டு அடுத்த இடத்துக்குச் செல்கின்றனர். இதுவே முகாமைத்துவ ஆலோசனை எனப்படும்.

சொந்த உத்தியோகத்தர் இருக்கையில் வெளியாரை ஏன் பணம் கொடுத்து அழைக்கவேண்டும்? காரணங்கள் மூன்று. உள்ளே இல்லாத அறிவு வெளியாரிடம் இருக்கலாம் என்பது ஒன்று. வேலை மிகுந்து ஆள் போதாமை மற்றொன்று. மூன்றாவது காரணம் சற்று மறைவானது. மேலதிகாரி ஏற்கெனவே ஒரு முடிவு செய்திருப்பார். அதற்குப் பெயர்பெற்ற வெளியாரின் முத்திரை வேண்டியிருக்கும். இம்மூன்றாவது காரணத்தை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

இத்தொழிலின் வரலாறு நெடியதன்று. 1926 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில், கணக்கியல் கற்பித்த பேராசிரியராகிய ஜேம்ஸ் மெக்கின்சி என்பார் தம் பெயரால் ஓர் ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்க காலத்தில் இத்தகைய நிறுவனங்கள் தொழிலில் நெடுநாள் பழகி நரைகண்ட மனிதரையே சேர்த்துக்கொண்டன. 1950 களில் மார்வின் பவர் என்பாரின் தலைமையில் அதே நிறுவனம் முறையை மாற்றியது. ஹாவார்ட் போன்ற பல்கலைக்கழகங்களின் வணிகக் கல்லூரிகளிலிருந்து வெளிவந்த இளைஞரை நேரே சேர்த்துத் தன் முறைப்படி பயிற்றத் தலைப்பட்டது. மற்றைய நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. புதிய பட்டதாரி ஆலோசகராகலாம் என்னும் எண்ணம் உலகில் வேரூன்றியது இவ்வாறே.

இதிலுள்ள கணக்கையும் விளங்கிக்கொள்வது நன்று. இந்நிறுவனங்கள் ஒரு கூம்பு போன்றவை. உச்சியில் பங்காளர் சிலர், இடையில் முகாமையாளர், அடியில் இளைஞர் பலர். வேலையைத் தேடிக் கொணர்வோர் உச்சியிலுள்ளோர். இரவும் பகலும் அட்டவணை நிரப்புவோர் அடியிலுள்ளோர். வாடிக்கையாளரிடம் இளைஞரின் ஒவ்வொரு நாளுக்கும் அறவிடப்படும் கட்டணம், அவர் கையிற் பெறும் வேதனத்தைவிட மிகவும் கூடியது. இடையிலுள்ள வித்தியாசமே நிறுவனத்தின் இலாபம். அடியிலுள்ள அனைவருக்கும் உச்சியில் இடமில்லை. ஆகவே பெரிய நிறுவனங்களில் "மேலேறு, அன்றேல் வெளியேறு" என்பதே வழக்கமாயிற்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் பலர் வெளியேறுகின்றனர். அதனை அவமானமாக எவரும் கருதுவதில்லை. ஆனால் சேரும்போதே அதனை அறிந்து சேர்வது முறை.

இத்தொழிலால் நன்மை இல்லை என்று நான் கூறவில்லை. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி எமது நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. பல நாடுகளுடனும் கடன்பத்திரம் வைத்திருந்தோருடனும் ஒருங்கே பேச்சு நடத்தவேண்டிய நிலை அதற்குமுன் எமக்கு நேர்ந்ததில்லை. அப்போது நிதி ஆலோசகராக லசாட் நிறுவனமும், சட்ட ஆலோசகராகக் கிளிபோர்ட் சான்ஸ் நிறுவனமும் நியமிக்கப்பட்டன. ஒரு நாடு தன் வாழ்நாளில் ஓரிரு முறை செய்யும் காரியத்தைப் பல நாடுகளுக்காகச் செய்து பழகியோர் அவர்கள். கடன்பத்திரப் பேச்சு 2024 டிசம்பரில் நிறைவெய்தியது. உள்ளே இல்லாத அறிவை வெளியிலிருந்து பெறுதல் என்பதற்கு இது தக்க உதாரணம்.

இளைஞருக்கும் பயன் உண்டு. குறுகிய காலத்திற் பல தொழில்களைக் காணலாம். காலந்தவறாமை, தெளிவாக எழுதுதல், பெரியோர் முன் அஞ்சாது பேசுதல், எண்களைக்கொண்டு வாதித்தல் ஆகியவை கைவரும். கலைப் பட்டதாரிகள் தமக்கு இங்கே இடமில்லை என்று ஒதுங்கவும் வேண்டியதில்லை. வரலாறு படித்தவர் முரண்பட்ட சான்றுகளை நிறுத்துப் பார்க்கப் பழகியவர். புவியியல் படித்தவர் களத்தில் நின்று கேட்டறியப் பழகியவர். கணக்கியலும் புள்ளிவிபரமும் ஓரளவு சேர்ந்துவிட்டால் அவர்களும் இத்தொழிலுக்கு ஏற்றவரே.

எனினும், அறிவுரை கூறும் தொழிலில் அநுபவமில்லாத இளைஞர் எவ்வாறு பயன்படுவார் என்னும் ஐயம் எஞ்சி நிற்கின்றது. இதற்கு விடைகாண நாம் அமெரிக்கா வரை செல்லவேண்டியதில்லை. எங்கள் பேராதனையிலேயே, இற்றைக்கு நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், பட்டம் பெற்ற சூட்டோடு ஆலோசகராக வந்த ஓர் இளைஞர் இருந்தார். அவர் பெயர் ஹரி மார்ஷல் வார்ட்.

அக்காலத்தில் மலைநாடு கோப்பி நாடாக இருந்தது. இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் கோப்பி வளர்ந்தது. அக்கோப்பியைப் பறிக்கவே எம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக இம்மலைகளுக்கு வந்தனர். 1869 இல் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் தோன்றியது. இலைகள் உதிர்ந்தன, விளைவு ஆண்டுக்காண்டு குன்றியது. நிலம் சத்திழந்ததே காரணம் என்றனர் சிலர். பருவநிலையே காரணம் என்றனர் வேறு சிலர். கந்தகத் தூளும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தனர். நோய் நிற்கவில்லை.

1880 இல் அரசாங்கம் இந்நோயை ஆராய வார்டை அழைத்தது. 1854 இற் பிறந்த அவர் கேம்பிறிட்ஜில் 1879 இலேயே பட்டம் பெற்றிருந்தார். கோப்பித் தோட்டம் நடத்திய அநுபவம் அவருக்கு எள்ளளவும் இல்லை. இருபது, முப்பது ஆண்டுகள் மலையில் வாழ்ந்த துரைமாருக்கு இவ்விளைஞர் என்ன சொல்லப்போகின்றார் என்று எவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அவரிடம் ஒன்று இருந்தது. தாவரங்களைப் பற்றும் பூஞ்சணங்களை நுணுக்குக்காட்டியால் ஆராயும் வித்தையை அவர் முறையாகக் கற்றிருந்தார். அவ்வித்தை அன்று மலைநாட்டில் அரிது.

வார்ட் தோட்டங்களுக்கு நேரிற் சென்றார். பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்றில் மிதந்துவரும் நோய் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். அவ்வித்திகள் ஈரமான இலையில் முளைத்து, இலையின் நுண்துளை வழியாக உட்புகுந்து நோயை உண்டாக்குவதை நிறுவினார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மூன்று அறிக்கைகள் அளித்தார். நோய் மரத்தின் பலவீனத்தால் வந்ததன்று, பூஞ்சணத்தால் வந்தது. மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே அது தடையின்றிப் பரவ வழிசெய்தது. இவையே அவர் கண்ட உண்மைகள். தோட்டக்காரர் எதிர்பார்த்த மருந்தை அவரால் அளிக்க இயலவில்லை. அவர்கள் ஏமாற்றமடைந்தனர். ஆயினும் வார்ட் இல்லாத மருந்தை இருப்பதாகக் கூறவில்லை. 1882 இல் அவர் திரும்பிச் சென்றார். மேலும் கற்றார், கற்பித்தார், 1895 இல் கேம்பிறிட்ஜில் தாவரவியற் பேராசிரியரானார். தாவர நோயியல் என்னும் துறைக்கு அடிகோலியவருள் ஒருவராக இன்று மதிக்கப்படுகின்றார்.

வார்ட் சென்ற பின்னர் மலையில் நடந்ததையும் நாம் பார்க்கவேண்டும். தோட்டங்கள் பல கைவிடப்பட்டன. 1884 இல் ஓரியன்ரல் வங்கி முறிந்தது. கூலி நிலுவையாகி வெறுங்கையோடு நின்ற தொழிலாளரும் உளர். இந்த அழிவிலிருந்து மலைநாட்டை மீட்ட பயிர் தேயிலை. அதற்கு வழிகாட்டியவருள் முதல்வர் ஜேம்ஸ் ரெயிலர். அவர் பட்டதாரி அல்லர். 1852 இல், பதினாறு வயதில், கண்டிச் சீமைக்குத் தோட்ட உதவியாளராக வந்தவர். 1867 இல் லூல்கந்தூரத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். வீட்டு விறாந்தையின் மேசைமேல் கொழுந்தைக் கையால் உருட்டிப் பழகினார்; பின்னர்த் தொழிற்சாலை அமைத்தார். 1892 இல் அத்தோட்டத்திலேயே இறந்தார்.

நேயர்களே, இவ்விருவரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். கோப்பி ஏன் சாகின்றது என்பதைச் சொன்னவர் வார்ட். அதற்குப் பதில் எதனை வளர்ப்பது என்பதைச் செய்து காட்டியவர் ரெயிலர். முன்னவர் வந்து சென்றவர். பின்னவர் இருந்து கண்டவர். இருவரும் தேவையானவரே. ஆனால் இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஒவ்வொருவரிடமும் தமக்கேயுரிய ஒரு வித்தை இருந்தது. வித்தையுமின்றி, இருந்து காணும் பொறுமையுமின்றி, அறிக்கை மட்டும் எழுதுபவர் மூன்றாவது வகையினர். எங்கள் பிள்ளைகள் அம்மூன்றாவது வகையிற் சேர்ந்துவிடலாகாது என்பதே என் கவலை.

அக்கவலைக்குக் காரணம் உண்டு. ஆசிரியர் ஒருவர் பிழையாகக் கற்பித்தால், அதே வருட இறுதியில் அவருடைய மாணவரின் விடைத்தாள் அதனைக் காட்டிவிடும். தேயிலைத் தொழிற்சாலையின் உதவி அலுவலர் கொழுந்தை அளவுக்கு மிஞ்சி வாடவிட்டால், தூளின் தரம் அதனைக் காட்டிவிடும். தம் பிழையின் விளைவைத் தாமே காண்பதுதான் தொழிலறிவு வளரும் வழி. ஆலோசகரோ விளைவு தோன்றுமுன் வேறிடம் சென்றுவிடுகின்றார். முதல் ஐந்து ஆண்டுகளையும் இவ்வாறே கழித்த இளைஞருக்குத் தமது அறிவுரைகளுள் எது பலித்தது, எது பொய்த்தது என்பது தெரியாமலே போகக்கூடும்.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட மூன்றாவது காரணம் இங்கே ஆபத்தாகின்றது. வாடிக்கையாளர் விரும்பும் முடிவுக்கு முத்திரையிடுவதே வேலையாகிவிட்டால் அறிவு பணத்துக்கு அடிமையாகின்றது. அமெரிக்காவில் அடிமைப்படுத்தும் வலிநிவாரணி மாத்திரைகளின் விற்பனையைப் பெருக்கும் வழிகளை அம்மருந்துக் கம்பனிக்குச் சொல்லிக்கொடுத்தமை தொடர்பான விசாரணையைத் தீர்க்க, மெக்கின்சி நிறுவனம் 2024 டிசம்பரில் 65 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. இத்தகைய வேலைகளுக்கு வேண்டிய எண்களைத் திரட்டுவது எங்கும் அடிப்படியிலுள்ள இளைஞரின் கடமையாகவே இருக்கின்றது. மருந்தில்லை என்று சொன்ன வார்டின் துணிவு இத்தொழிலில் எவ்வளவு தேவை என்பதை இதனால் அறியலாம்.

எங்கள் கல்வித் துறையில் இதற்கு நல்லதொரு முறை இருக்கின்றது. பாடசாலைகளுக்கு வந்து கற்பித்தல் முறைகளைப் பற்றி வழிகாட்டும் ஆசிரிய ஆலோசகர்கள் உளர். அவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வருவோர் அல்லர். வகுப்பறையிற் கற்பித்துப் பழகியவர்கள். ஆகையால் "நாற்பத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்துபாருங்கள்" என்று எந்த ஆசிரியரும் அவர்களை மடக்க இயலாது. முதலிற் செய்தல், பின்னர்ச் சொல்லுதல் என்பது அவ்வொழுங்கு.

அப்படியாயின் பட்டதாரிகள் ஆலோசனைத் தொழிலை விலக்கிவிடவேண்டுமா? அன்று. மறுபக்கத்தில் வேறோர் ஆபத்து உண்டு. அதுதான் காத்திருத்தல். 2020 ஆம் ஆண்டில் வேலையற்ற பட்டதாரிகள் 50,000 பேரை ஒரு வருடப் பயிற்சிக்குச் சேர்க்கும் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. பயிற்சிக் காலக் கொடுப்பனவு மாதம் 20,000 ரூபா. அத்திட்டத்துக்காகப் பல ஆண்டுகள் வீட்டிற் காத்திருந்தோர் பலர். கற்ற கல்வி துருப்பிடிக்க வீட்டிலிருப்பதைவிட, உழைக்கப் பழக்கும் எந்த நேர்மையான உத்தியோகமும் மேலானது. ஆகவே இடம் கிடைத்த இளைஞர் அதனை மறுக்குமுன்னும், ஏற்குமுன்னும், நான்கு வினாக்களைக் கேட்டறிதல் வேண்டும்.

முதலாவது, நான் இங்கே எந்த வித்தையைக் கற்பேன். எனக்குக் கற்பிப்பவர் யார்? நீங்கள் எழுதிய அறிக்கையில் சிவப்பு மையால் திருத்துவதற்கு ஒரு மூத்தவர் இருப்பாராயின் அது நல்ல இடம். திருத்துவோர் இன்றி வேகம் மட்டும் கேட்கும் இடம் நல்லதன்று. தகவல்களைச் சுருக்குதல், அட்டவணை அமைத்தல் போன்ற வேலைகளைச் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் இன்று நொடியிற் செய்கின்றன. அவற்றை மட்டும் பழகிய இளைஞருக்கு நாளை மதிப்பிராது.

இரண்டாவது, நான் களத்துக்குச் செல்வேனா? தேயிலைத் தொழிலைப் பற்றி எழுதுபவர் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு மாலையாவது நிற்கவேண்டும். கணினித் திரையை மட்டும் பார்த்து எழுதுவது ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது.

மூன்றாவது, அறிவுரை கூறி ஓராண்டு சென்றபின் என்ன நடந்தது என்று இந்நிறுவனம் திரும்பிச் சென்று பார்க்குமா? பார்க்கும் நிறுவனங்களும் உள்ளன. அவற்றைத் தேடுங்கள்.

நான்காவது, எண்கள் ஒன்றைக் கூற, வாடிக்கையாளர் வேறொன்றை விரும்பினால், இறுதி அறிக்கையில் எது எழுதப்படும்? இதனை நேர்முகப் பரீட்சையிற் கேட்பது எளிதன்று. ஆனால் அங்கு முன்னர் வேலை செய்த ஒருவரைத் தேடிக் கேட்டால் உண்மை தெரியவரும்.

இவற்றுக்கு நல்ல விடை கிடைத்தால் அஞ்சாது செல்லுங்கள். இரண்டு, மூன்று ஆண்டுகள் என்று காலவரையறை செய்துகொண்டு செல்லுங்கள். கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் ஊருக்கு வந்துபோகும் செலவும் போக எவ்வளவு எஞ்சும் என்பதைப் பெற்றோருடன் இருந்து முன்னரே கணக்கிடுங்கள். அக்காலத்துள் ஒரு துறையைத் தேர்ந்து அதிற் பரீட்சையொன்றையாவது முடித்துவிடுங்கள். "எனக்கு இன்ன துறை என்று இன்னும் தெரியவில்லை, அதனாற் போகின்றேன்" என்பவருக்கு வேறொரு வழி கூறுவேன். வகுப்பறையோ, வங்கிக் கிளையோ, தொழிற்சாலையோ, கூட்டுறவுச் சங்கமோ, ஒரே இடத்தில் முதலில் மூன்று ஆண்டுகள் இருங்கள். செய்த காரியத்தின் நன்மை தீமையைக் கண்ணாற் காணுங்கள். அதன்பின் ஆலோசகராகச் சென்றால் உங்கள் சொல்லுக்கு நிறை இருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அரசாங்க உத்தியோகம் அல்லாத எதுவும் உத்தியோகமே அன்று என்னும் எண்ணத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். அவ்வாறே, கொழும்பு, குளிரூட்டிய கந்தோர், பெரிய வேதனம் என்பவற்றைக் கேட்ட மாத்திரத்தில் மயங்கவும் வேண்டாம். "அங்கே என்ன படிப்பாய், யாரிடம் படிப்பாய்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். அவ்வினாவுக்கு உங்கள் மகனோ மகளோ தெளிவாக விடை சொன்னால், பயணப் பையை நீங்களே எடுத்துக் கொடுத்து மனநிறைவோடு அனுப்பிவையுங்கள்.